ஜன்னல் பக்கம்

"தலைமாட்டை நீ பிடி. கால்மாடு எனக்கு."

"எப்பப் பாத்தாலும் கால்மாட்டையே கேக்குறீங்க. லேசான பக்கம்னு தெரிஞ்சுதானே?"

"லேடெக்ஸுக்கு ஏது லேசான பக்கம்? செஞ்சவன் சொல்றேன், நம்பு."

விரிப்பை உருவி நாற்காலியில் போட்டுவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை இருவரும் கட்டிலின் இரு முனைகளில் நின்றார்கள். லேடெக்ஸ் ரப்பர் மெத்தை பார்வைக்குத்தான் சாது. தூக்கப்போனால் வளையும், நழுவும், கையை விட்டு வழிந்து தரையைத் தேடும். ஆறு மாதத்துக்கொரு முறை அதைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட வேண்டும். ஒரே இடத்தில் பாரம் விழுந்துகொண்டே இருக்கக் கூடாது. தனி ஆளால் ஆகிற வேலை இல்லை.

அவர்கள் வீட்டில் அந்த வேலைக்கு இன்னொரு விளைவும் உண்டு. அந்த மெத்தையின் உறைக்குள் இரண்டு பாதிகள். ஒரு பாதி கெட்டி... கனத்த உடம்புக்காரியான அவளுக்கு. மறு பாதி இளசு... ஊதினால் பறக்கிற அவருக்கு. மெத்தையைத் திருப்பினால் பாதிகளும் இடம் மாறிவிடும். ஆகவே ஆட்களும் மாற வேண்டும். ஆறு மாதம் அவளுக்கு ஜன்னல் பக்கம், அவருக்குக் கதவுப் பக்கம். அடுத்த ஆறு மாதம் நேர்மாறு. உறையைத் திறந்து பாதிகளை மாற்றி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. மெத்தை செய்வதையே தொழிலாகக் கொண்டவருக்கு அது தெரியாதா? தெரியும். அவளுக்கும் தெரியும். அவர் செய்ததில்லை, அவள் கேட்டதில்லை. "வீடு மாத்துறோம்" என்பார், கண்ணைச் சிமிட்டி.

பாதி சுற்றியதும் அவர் நின்றுவிட்டார். கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. வயசாகுதுல்ல..."

"மூச்சு வாங்க வேண்டியவ நான். எனக்கே போட்டியா?"

சிரித்தார். எழுந்து மீதியையும் தள்ளினார். மெத்தை பொத்தென்று சட்டத்துக்குள் அமர்ந்தது.

"முடிஞ்சது. இன்னிலேர்ந்து ஜன்னல் உனக்கு. காத்து, வெளிச்சம், எதிர்வீட்டுச் சண்டை எல்லாம் உனக்குத்தான். அனுபவி."

"கதவுப் பக்கம் படுக்கிறவர்தான் காலைல டீ போடணும். சட்டம் ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு." சட்டையை மாட்டிக்கொண்டே வாசல்வரை போனவர் திரும்பினார். "ஆமா... இன்னிக்காவது சொல்லிடேன்."

"என்னத்த?"

"தெரியாத மாதிரி கேக்குறா பாரு. நான் சொல்லி எத்தனை வருஷமாச்சு! பதில் இன்னும் வரல."

"கட்டிக்கிட்டு வந்து குடும்பமே நடத்திட்டிருக்கேன். இதுக்கு மேல என்ன பதில்?"

"அதெல்லாம் செல்லாது. வாயால சொல்லணும்."

"சரி, சாயங்காலம் வாங்க. சொல்றேன்."

"நெஜமா?"

"நெஜமா."

அவர் சாயங்காலம் வரவில்லை. அன்று மதியமே போய்விட்டார்.

அவர் கேட்ட பதில் என்ன, அது ஏன் அத்தனை வருஷம் அவள் தொண்டையில் நின்றது என்று தெரிய, ஒரு மழைநாளுக்குப் போக வேண்டும்.

*

அன்று அவள் மூன்றாவது முறையாக எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். "முதல்ல படுக்கையை மாத்துங்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தார் அவர்.

நூலகத்தில் வேலை அவளுக்கு. காலையெல்லாம் நின்றபடி புத்தகம் அடுக்க வேண்டும், மதியமெல்லாம் உட்கார்ந்து முத்திரை குத்த வேண்டும். அலமாரிகளுக்கு நடுவே இருக்கும் சந்துகள் ஒல்லியான ஆட்களை மனதில் வைத்துப் போட்டவை. அவள் பக்கவாட்டாகத் திரும்பித்தான் போவாள். சின்ன வயதிலிருந்தே பெரிய உடம்பு. பட்டினி கிடந்து பார்த்தாயிற்று, ஓடிப் பார்த்தாயிற்று. உடம்பு தன் போக்கில் இருந்தது. பெற்றவர்கள் போன பிறகு பொறுப்பெடுத்துக்கொண்ட அண்ணன் நல்லவன்தான். ஆனால் எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில். புதுத் துணியா? கொஞ்சம் இளைச்சுக்கோ, அப்புறம் எடுக்கலாம். வெளியூர்ப் பயணமா? இளைச்சுக்கோ, அப்புறம் போலாம். கல்யாணமா? அப்புறம்... அப்புறம்... முப்பதைத் தாண்டிவிட்டாள். வாழ்க்கை முழுக்க அப்புறத்தில் இருந்தது.

டாக்டர் சொன்னாரே என்று வழியில் இருந்த பெரிய மெத்தைக்கடைக்குள் ஏறினாள். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று. ஒரு மெத்தையின் ஓரத்தில் மெல்ல உட்காரப் போனாள்.

"மேடம், மேடம்... அதுல வேணாம். டிஸ்ப்ளே பீஸ்." ஓடி வந்தவனுக்கு வயது அதிகமில்லை. மேலும் கீழும் பார்த்தான். "உங்க வெயிட்டுக்கு கியாரண்டி வராது மேடம். குழி விழுந்துட்டா நாங்க பொறுப்பில்ல."

கல்லாவில் இருந்த பெண் சட்டென்று குனிந்து எதையோ தேடினாள். தோள்கள் குலுங்கின.

உட்காராமலே அவள் வெளியே வந்தாள். எந்தத் திசை என்று பார்க்காமல் நடந்தாள். அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. முதலில் தெருவில் நாலு சொட்டு... பிறகு வானமே கட்டு அவிழ்ந்த மாதிரி. ஓட முடியாது அவளால். எதிரே தெரிந்த தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினாள். நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். அதுவும் மெத்தைக்கடை! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"உள்ள வாங்க. சாரல் அடிக்குது."

வாசலில் ஒரு மெலிந்த மனிதர். சட்டை முழுக்க வெள்ளைத் துகள், காதில் பென்சில். அந்தச் சின்ன முகத்தில் கண்கள் மட்டும் இரண்டு ஆளுக்கு இருந்தன.

"பரவால்ல. நான் மெத்தை வாங்க வரல."

"தெரியுது. மெத்தை வாங்க வர்றவங்க இவ்வளவு கோவமா வர மாட்டாங்க."

"எனக்கென்ன கோவம்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? மழை மேல இருக்கலாம். என் மேல இருக்க வழியில்ல. இப்பத்தானே பாக்குறோம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதட்டோரம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை... லேசாக மேலே போனது.

"காலை மாத்தி மாத்தி நிக்கிறீங்களே. இடுப்பா?"

"நீங்க என்ன டாக்டரா?"

"இல்லைங்க. டாக்டர் கைவிட்டவங்க என்கிட்ட வருவாங்க. நான் கைவிட்டவங்க தரையில படுப்பாங்க."

இந்த முறை அவள் சிரித்தேவிட்டாள். சிரித்ததும் இடுப்பில் சுருக்கென்று குத்தியது. கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சின்னக் கடை. ஒரு பக்கம் அடுக்கடுக்காக லேடெக்ஸ் பலகைகள், ஒன்றுக்கொன்று கனம் வேறாக. நடுவே ஒரு கட்டில். பின்னறையில் யாரோ தையல் மெஷின் மிதிக்கும் சத்தம். "அம்மா. உறை தைக்கிறாங்க" என்றார். பிறகு, தையல்காரர் தோளளவு கேட்பது போல, குரலைத் தாழ்த்தாமல், கண்ணை விலக்காமல் கேட்டார்:

"என்ன எடை இருப்பீங்க?"

யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. ஜாடையில் கேட்பார்கள், சிரிப்பில் கேட்பார்கள். அவள் ஒரு எண்ணைச் சொன்னாள். கொஞ்சம் குறைத்துத்தான்.

"சரி. எப்படிப் படுப்பீங்க?"

"பக்கவாட்டுல."

அவர் ஒரு பஞ்சு மெத்தைத் துண்டை எடுத்து முஷ்டியால் அழுத்தினார். மணிக்கட்டுவரை உள்ளே போனது. "மெத்தைன்னா மெத்துன்னு இருக்கணும்னு நினைக்கிறாங்க. கனமான உடம்புக்கு அந்த மெத்துதாங்க எதிரி. இடுப்பு முதல்ல இறங்கிடும். தோளும் காலும் மேலேயே நிக்கும். ராத்திரி முழுக்க முதுகு தொட்டில் மாதிரி தொங்கிட்டிருக்கும். காலைல வலிக்காம என்ன செய்யும்?"

"அப்ப பலகை மாதிரி கெட்டியா..."

"அதுவும் வேணாம். பக்கவாட்டுல படுக்கிறவங்களுக்குத் தோள் மரத்துப்போயிடும். அடியில கெட்டி லேடெக்ஸ், நல்ல உசரமா. மேல மட்டும் இளசு, ரெண்டு விரல் கனத்துக்கு. கீழ இருக்கிறது தாங்கணும். மேல இருக்கிறது கேக்கணும்."

"என்னத்தக் கேக்கணும்?"

"உடம்பு சொல்றத."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் எங்கோ பார்த்தாள்.

கட்டிலில் இரண்டு பலகைகளைப் போட்டு, மேலே துவைத்த விரிப்பொன்றை விரித்து, "படுத்துப் பாருங்க" என்றார். அவள் தயங்கியபோது தானே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவள் செருப்பைக் கழற்றிப் படுத்தாள். கட்டில் முனகும் என்று காத்திருந்தாள். முனகவில்லை.

"இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவுல இதை விட்டுப் பாக்கணும். விடலாமா?" கையில் ஒரு மரஸ்கேல். கை படாமலிருக்க அவர் வைத்திருந்த வழி அது. அவள் தலையாட்டினாள். ஸ்கேல் மெல்ல நுழைந்தது... பாதியிலேயே இறுகி நின்றது. அவருடைய புருவம் சுருங்கியது.

"நீங்க சொன்ன எடைக்கு இந்தப் பலகை இவ்வளவு இறங்காதே... மிச்ச எடையை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

அவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். முகம் கொதித்தது.

"போதுங்க. அந்தக் கடைக்கும் உங்க கடைக்கும் என்ன வித்தியாசம்? அவன் சிரிச்சுச் சொன்னான். நீங்க ஸ்கேல் வெச்சு அளந்து சொல்றீங்க."

"எந்தக் கடை? என்ன சொன்னாங்க?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் சொன்னாள். குழி விழும் என்றதையும், கல்லாவில் குனிந்தவளையும். கடைசி வார்த்தைகள் உடைந்து வந்தன. பின்னறையில் தையல் மெஷின் நின்றிருந்தது.

"மன்னிச்சுக்குங்க" என்றார். "எனக்குத் தமாஷ் பேசத் தெரியல. ஆனா ஒண்ணு சொல்றேன். ஒரு மெத்தை ஒரு ஆளைத் தாங்கலைன்னா அது மெத்தையோட குறை. படுக்கிறவங்க குறையில்ல. நான் பொய் எடைக்குச் செஞ்சு குடுத்தா, உங்களுக்கு வலி மட்டும் நெஜமா இருக்கும்."

அவள் அவரைப் பார்த்தாள். கேலியைத் தேடிப் பார்த்தாள், பரிதாபத்தைத் தேடிப் பார்த்தாள். அந்தப் பெரிய கண்களில் இரண்டும் கிடைக்கவில்லை. உண்மையான எடையைச் சொன்னாள். அவர் வெறுமனே "ம்" என்றார். அடியில் இருந்த பலகையை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகினார்.

"இப்பப் படுங்க. கண்ணை மூடிக்குங்க. உக்காந்து பாத்து மெத்தை வாங்கக் கூடாது. கொஞ்ச நேரமாவது படுத்துக் கெடக்கணும்."

படுத்தாள். தோள் தனக்கு வேண்டிய இடத்துக்குப் போனது. இடுப்பு போக வேண்டிய இடத்தில் நின்றது. மழை... ரப்பரின் லேசான பால்வாசனை... இத்தனை நாளும் தன் உடம்பைத் தானே தூக்கிப் பிடித்தபடியே படுத்திருந்தோம் என்பது, அதை வேறொன்று தாங்கியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. ஒரு நொடி எங்கே இருக்கிறோம் என்று புரியவில்லை. கடை மங்கலாக இருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தடுமாறி எழுந்து, குனிந்து வெளியே வந்தாள். அவர் வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"என்னங்க இது... ஏன் வெளிய உக்காந்திருக்கீங்க?"

"நல்லாத் தூங்கிட்டீங்க. போறவங்க வர்றவங்க எட்டிப் பாத்தா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல. அதான் ஷட்டரை இறக்கினேன். இறக்கிட்டு நானும் உள்ள இருந்தா நல்லாருக்காது. அதான்..."

திரும்பிப் பார்க்காமலேதான் சொன்னார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்ததை அவள் பார்த்தாள். அந்த வாசலிலேயே அது நடந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

*

ஒற்றைக் கட்டிலுக்கான மெத்தை அவள் அறைக்கு வந்தது. இடுப்புவலி மெல்ல விட்டது. மெத்தைக்காரர் விடவில்லை. நூலகத்தில் உறுப்பினரானார்.

"என்ன புத்தகம் வேணும்?" என்பாள் அவள், கிசுகிசுப்பாக.

"தூக்கம் வராத புத்தகமா குடுங்க லைப்ரரியம்மா. கடையில நாள் முழுக்க மெத்தையைப் பாத்துக் கொட்டாவி வருது."

ஒருமுறை ஒரு தடித்த நாவலை எடுத்துப் போனவர் மறுவாரம் பதறிக்கொண்டு வந்தார். "கடைசிப் பக்கத்தைக் காணோம்! யாரோ கிழிச்சிருக்காங்க. அவங்க சேர்ந்தாங்களா இல்லையா?"

"அப்புறம் சொல்றேன்."

"எதுக்கெடுத்தாலும் அப்புறமா!"

"ஷ்ஷ்ஷ்..." என்றார் செய்தித்தாள் படிக்கிற பெரியவர்.

அவள் முத்திரைக் கட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். உதட்டில் மை ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம்வரை அது அங்கேயே இருந்தது. அண்ணி சொல்லித்தான் துடைத்தாள்.

ஒரு நாள் அவர் கேட்டிருந்த புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அவரை அசத்தலாம் என்று ஆசை. வாசலில் யாரும் இல்லை. பின்னறையில் தையல் மெஷின் நின்று, அவருடைய அம்மாவின் குரல் கேட்டது.

"நல்ல பொண்ணுதான்டா. யாரு இல்லேன்னா? ஆனா அந்த உடம்பப் பாரு. நாளைக்கு சர்க்கரைங்கும், பிரஷருங்கும். பாதி வழியில விட்டுட்டுப் போயிட்டா நீ என்ன பண்ணுவ? உங்கப்பா போனப்ப நான் நின்னேனே... உன்ன இடுப்புல வெச்சுக்கிட்டு... அந்த மாதிரி நீ நிக்கணுமா? அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

"அம்மா..."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். அந்த அம்மாளின் மேல் கோபம் வந்திருந்தால் தேவலை. வரவில்லை. அந்த அம்மாள் சொன்னது எல்லாரும் சொல்வதுதானே... தானும் தனக்குள் சொல்லிக்கொள்வதுதானே.

அடுத்த முறை அவர் வந்தபோது அவள் தலை நிமிரவில்லை. முத்திரை குத்தினாள், புத்தகத்தைத் தள்ளினாள்.

"அடுத்தவங்க வாங்க."

"எனக்குப் பின்னாடி யாருமே இல்லையே."

"வருவாங்க."

"என்ன தப்பு பண்ணேன் நான்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. உங்கம்மா சொன்னது சரி. நான் கேட்டேன்." முத்திரைக் கட்டையை ஓரமாக நகர்த்தினாள். "எனக்கு மெத்தை போதுங்க. பரிதாபம் வேணாம்."

"பரிதாபமா?" அவர் குரல் உயர்ந்தது. "யாருக்கு யாரு மேல?"

"ஷ்ஷ்ஷ்!"

அவர் நின்றார். புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். அதன்பின் பல வாரங்கள் வரவில்லை. அவள் இரவில் தன் நல்ல மெத்தையில் வலியில்லாத முதுகோடு தூக்கமில்லாமல் கிடந்தாள்.

பிறகு ஒரு நாள் நூலகத்துத் தொலைபேசி அடித்தது.

"உங்க மெத்தையில ஒரு குறை இருக்கு. கடைக்கு வந்து பாக்கணும்."

"எனக்கு ஒரு குறையும் தெரியல."

"செஞ்சவனுக்குத் தெரியும்."

போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கடையின் நடுவே, பழைய கட்டில் இருந்த இடத்தில், அகலமான ஒன்று. அதன்மேல் உறை திறந்த நிலையில் ஒரு பெரிய மெத்தை. பழத்தைப் பிளந்து வைத்த மாதிரி உள்ளே இரண்டு பாதிகள் தெரிந்தன.

"உங்க மெத்தைக்கு அகலம் பத்தல. அதான் குறை" என்றார். சிரிக்கவில்லை. கைவிரல்கள் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தன. "இந்தப் பாதி உங்களுக்கு. கெட்டி. நீங்க சொன்ன எடைக்கு... நெஜ எடைக்கு. அந்தப் பாதி எனக்கு. இளசு. நீங்க திரும்பிப் படுத்தா எனக்கு ஆடாது, நான் எந்திரிச்சா உங்களுக்குத் தெரியாது. ஆனா உறை ஒண்ணுதான்."

அவள் கண்கள் நிறைந்தன.

"யாரு முன்னாடி போவாங்கன்னு அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எனக்கு அந்தக் கணக்கே வேணாம். இருக்கிற வரைக்கும் நீங்க பக்கத்துல நல்லாத் தூங்கணும். அன்னிக்குத் தூங்கினீங்களே... அந்த மாதிரி. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டு நெடுநேரம் ஓடியவர் போல நின்றார். அவள் உறையின் விளிம்பைத் தொட்டாள். நெருக்கமான தையல். ஒரு இழைகூடப் பிசகவில்லை.

"உறை... யார் தச்சது?"

"அம்மா. துணியைக் குடுத்தப்ப தொடவே இல்ல. அப்படியே மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அப்புறம் தானே மெஷின்ல போட்டாங்க."

பின்னறையிலிருந்து அந்தக் குரல், சிடுசிடுவென்று: "ஜிப்பு நல்லா ஓடுதான்னு பாக்கச் சொல்லு. அப்புறம் சிக்கிக்குச்சுன்னு வந்து நிக்கக் கூடாது."

அவள் ஜிப்பை இழுத்தாள். இரண்டு பாதிகளையும் மூடிக்கொண்டு அது ஒரே ஓட்டமாக ஓடியது.

"நான் சொல்லிட்டேன்" என்றார் அவர். "நீங்க?"

வார்த்தை நாக்குவரை வந்தது. அத்தனை வருஷமாக எல்லாவற்றையும் தள்ளிவைத்துப் பழகிய வாய், அதையும் தள்ளிவைத்தது.

"அப்புறம் சொல்றேன்."

*

அந்த ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. அவள் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுக் கடைக்கு நடந்தாள்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மெத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தார்.

"தூங்குறாரும்மா. அசதியா இருக்குன்னு படுத்தாரு. யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நான்தான் ஷட்டரை இறக்கினேன்."

அவள் குனிந்து உள்ளே போனாள். பின்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பக்கவாட்டில் படுத்திருந்தார். தோள் அதன் இடத்தில், இடுப்பு அதன் இடத்தில், முதுகு நேர்கோடாக. ஒரு குறை சொல்ல முடியாத படுக்கை. கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே கையைத் தொட்டாள். அதன்பின் கூப்பிடவில்லை.

நாலு பேர் வந்து அவரைத் தூக்கியதும் மெத்தை மெல்ல நிமிர்ந்து சமமானது. தடமே வைக்காது, அதுதான் இதன் நல்ல குணம் என்று எல்லா வாடிக்கையாளரிடமும் அவர் சொல்வார்.

இதயம் என்றார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள், "ஆள் ஒல்லியாத்தானே இருந்தாரு..." என்று. சொல்லிவிட்டு அவளை ஒரு முறை பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானதுதான். இவள் அல்லவா போக வேண்டியவள் என்று அது சொன்னது. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய அம்மா, அவளுக்கு அத்தை, அழவில்லை. கடையை மூடிய பிறகு தையல் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். வந்தது. கூடத்தில் அதன்முன் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை.

மாதங்கள் போயின. ஒரு மழைக்கால மதியம் அண்ணன் வந்தான்.

"எவ்வளவு நாள் இப்படியே இருப்ப? நம்ம வீட்டுக்கு வந்துடு. இந்த மெத்தையெல்லாம் அங்க கொள்ளாது, யாருக்காவது குடுத்துடலாம். பின்னறையில ஒரு கட்டில் இருக்கு. கொஞ்சம் இளைச்சியானா தாராளமாப் போதும்."

கூடத்து மூலையில் அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்கள் தரையில். கணவனையும் கொடுத்து, பிள்ளையையும் கொடுத்துவிட்டு, மூன்றாவதாக யார் போகிறார்கள் என்று காதால் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகளுக்கு அது தெரிந்தது. அப்புறம் பார்க்கலாம் அண்ணா என்று வாய்வரை வந்தது... அதை விழுங்கினாள்.

"வரல அண்ணா."

"யோசிச்சு மெதுவாச் சொல்லு."

"யோசிச்சுட்டேன். வரல."

அவன் குடையை விரித்துக்கொண்டு போன பிறகு அவள் அறைக்குள் வந்து தன் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்தபடி படுத்தாள். கம்பிகளில் மழை ஒழுகியது. சற்றுக் கழித்துப் பின்னால் காலடி கேட்டது. அத்தை கதவுப் பக்கம் வந்து நின்றாள். தயங்கினாள். பிறகு அந்தச் சின்ன உடம்பை இளசான பாதியில் மெல்லச் சாய்த்தாள். அது அவளை ஏற்றுக்கொண்டது. இந்தப் பக்கம் ஒரு அசைவும் தெரியவில்லை.

"உன்னைப் பாத்தே பயந்துக்கிட்டிருந்தேன்மா" என்றாள் அத்தை, மேலே பார்த்தபடி. "அவனைப் பாக்கவே இல்ல."

அவள் மழையைப் பார்த்தபடியே கிடந்தாள்.

"நீ அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கடையில எந்நேரமும் இதே பேச்சு. 'இன்னிக்கும் சொல்லலம்மா'ம்பான். அன்னிக்குக் காலைல கடைக்கு வந்ததும், 'சாயங்காலம் சொல்றேன்னுட்டா'ன்னு துள்ளினான்." குரல் தேய்ந்தது. "ஏன்மா சொல்லல? அவனைப் பிடிக்கலையா?"

ஜன்னல் கலங்கியது. மழையா, கண்ணா என்று தெரியவில்லை. தொண்டையில் அத்தனை வருஷமாக இருந்தது அசைந்தது.

"பிடிக்கும் அத்தை..." என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மறுபடி சொன்னாள், இன்னும் சத்தமாக, கதவுவரை கேட்கும்படி. "ரொம்பப் பிடிக்கும். அந்தப் படிக்கட்டுல நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரே... அப்பலேர்ந்து."

அத்தையின் கை நடுத்தையலைத் தாண்டி வந்து அவள் கைமேல் கிடந்தது. எலும்பும் நரம்புமாக, ஊசி குத்திக் குத்திச் சொரசொரப்பான விரல்கள். அப்போதுதான் அத்தை அழுதாள். அழுது முடிக்கிறவரை மழையும் பெய்துகொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"ஆறு மாசம் தாண்டிடுச்சே... இதைத் திருப்பிப் போட வேணாமா? நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

"வேணாம் அத்தை."

மெத்தை அவர் கடைசியாகப் போட்டபடியே, திருப்பாமலே இருக்கிறது. ஜன்னல் பக்கம் அவளுக்கு.